நம் ஊர் ஜெட்டியில் எத்தனை அடி தண்ணீர்

ஷார்ஜா
14.2.1995

அன்புள்ள வாப்பாவுக்கு, மகன் சதக் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? உம்மா சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. இங்கே புதுத் துறைமுகத்துக்கு இடம் முடிவு செய்யும் கூட்டம். திட்டம் கொண்டுவந்தவர், தோணி அணைய நம் ஊரில் கட்டிய ஜெட்டிக்கு இடம் குறித்த அதே என்ஜினியர்; இப்போது இங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறார். "அங்கன வாடையில மணல் அடிச்சுரும், தோணி அணையாது" என்று ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் நீங்கள் சொன்னபோது, "இது படிச்சவங்க பேசுற இடம், வெளிய நில்லுங்க" என்றாரே, அவர்தான். பிறகு அந்த மணலில் தட்டித்தானே உங்கள் தோணி உடைந்தது.

ஆழம் அளக்கும் சர்வேயராக, முடிவெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நம் ஜெட்டியைத் தன் சாதனையாகச் சொன்னார்.

"இப்ப அங்க எத்தனை அடி தண்ணி, சார்?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"பத்து அடி."

ஊருக்கு லீவில் வந்தபோது எடுத்த போட்டோ என் பையில் இருந்தது; அதை மேசையில் வைத்தேன். ஜெட்டி முனையில், மணல்மேட்டில் ஆடுகள் படுத்திருந்தன.

"நாங்க முடிவெடுக்கணும், வெளிய நில்லுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். திட்டம் தள்ளுபடி. எனக்கு இரக்கமே வரவில்லை, வாப்பா.

இதைச் சொல்லிச் சிரிக்க அறையில் தமிழ் ஆள் இல்லை. உம்மாவின் பேச்சைக் கேசட்டில் பதிந்து, ஊரிலிருந்து வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பழையது தேய்ந்துவிட்டது.

கீழே டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த என்ஜினியர் நான் யாரென்று ஆபீஸில் விசாரித்து, உங்கள் விலாசம் வாங்கிப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீங்கள் இளகிவிடுவீர்கள். எனக்காக, பதில் போடாதீர்கள்.

சதக்