பதினேழாம் எண் குடித்த மோர்

மார்ச் 12, புதன்

எங்கள் ஆய்வில் பாதிக் கன்றுகளுக்குப் பாலில் நல்ல பாக்டீரியா கலந்து கொடுக்கிறோம். மீதிக்கு வெறும் பால். பதினேழாம் எண் கன்றுக்கு வெறும் பால்தான். நான்கு நாளாகக் கழிச்சலில் கிடந்தது, இன்று காலை எழுந்து நின்று என் லேப் கோட்டின் நுனியை மென்றது.

இதற்கு என்ன கொடுத்தாய் என்று செந்திலைக் கேட்டேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவராக இருந்துவிட்டு எங்கள் லேபுக்கு வந்தவன்.

“லஞ்சுக்குக் கொண்டாந்த தயிருதான், அக்கா. ரெண்டு நாளா மோரா கரைச்சுக் குடுத்தேன். ஊர்ல குடுப்போம்ல.”

“தயிர்ல இருக்கறதும் பாக்டீரியாதானே செந்தில். இதோட டேட்டா போச்சு.”

தலையாட்டினான்.

பேராசிரியரிடம் சொன்னோம். முகம் சுளித்தார். பதினேழை ஆய்விலிருந்து நீக்கிப் பால்பண்ணைக்கே அனுப்பச் சொன்னார். மற்ற கன்றுகளை அடுத்த வாரம் ஊசி போட்டுக் கொன்று, குடலை அறுத்துப் பார்ப்போம். இது முதல் நாளே முடிவானது. செந்திலுக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் குடியிருக்கும் கேட்டி நகர் வரை ஃப்ரீவேயில் ஒரே காரில் வந்தோம். தெரிந்துதான் கொடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். முக்கால் டப்பா இருக்கிறது. இன்னொரு கன்றுக்குக் கரைக்கப் போதும்.