வழி மாறி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி

அடியே, கும்பிட்டுக் கேட்கிறேன், இதை ஒருவருக்கும் காட்டிவிடாதே. நீ இப்போது இருக்கிற இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைத் தெரியும். ஓர் இரகசியத்தை இடைவேளை மணி அடிக்கும்வரைகூட உன்னால் வைத்திருக்க முடிந்ததில்லை. அங்கேயும் போன கையோடு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டுதான் இருப்பாய். இந்த ஒன்றை மட்டும் உனக்குள்ளே வைத்துக்கொள்.

உன் போன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். உறையைக் கழற்றினால் நீ பூசுகிற தலையிடித் தைலம் இன்னும் மணக்கிறது. கருமாதி முடிந்து நாங்கள் புறப்படும்போது உன் அம்மா இதை என் கையில் திணித்தார். "அவ படிப்புச் சாமானெல்லாம் இதுக்குள்ளதானாம். எங்களுக்கு என்னா தெரியும், நீயே வச்சிரு மக" என்றார். விடுதியில் போன் வைத்திருப்பது பிடிபட்டால் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறையில் மற்ற இரண்டு பேரும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். நான் தனியாக, நுளம்பு வலைக்குள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு இருக்கிறேன். பல்லி சொன்னாலும் நெஞ்சு திக்கென்கிறது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூட இணையத்தளத்தில் கடந்தகால வினாத்தாள்கள் திறக்கவில்லை. வினாத்தாள் பகுதியின் முதல் பக்கம் ஒழுங்காக வருகிறது. உள்ளே எந்தத் தாளைத் தொட்டாலும் உன்னுடைய தேத்தண்ணிப் பக்கம் வந்து நிற்கிறது. விஞ்ஞானச் செய்முறைகளுக்குப் புதிதாக ஒரு பகுதி சேர்க்கச் சொல்லி, கணினி படிப்பிக்கிற ஐசிரி சேர் என்னிடம் தந்திருந்தார். நான் சேர்த்த பின்னேரமே இந்தக் குழப்பம். இன்று எல்லாருக்கும் முன்னால் சேர் கேட்டார்.

"பிள்ளை, நீர்தானே கடைசியாத் தொட்டது?"

"ஓம் சேர்."

"சோதினைக்குப் படிக்கிற பிள்ளையளுக்குத் தேத்தண்ணியே குடுக்கிறது? நாளைக்கு முதல் மணி அடிக்க முந்திச் சரிவரோணும். இல்லாட்டி மூண்டு மெசினையும் அழிச்சுப்போட்டு, பழையபடி ஒண்டில போட்டுவிடுவன். நீங்கள் செய்து வச்ச இந்தச் சிக்கல் எல்லாம் எங்களுக்குத் தோதுப்படாது."

அழித்தால் நீ செய்தது எல்லாம் போய்விடும். சரி சேர் என்று தலையை ஆட்டினேன்.

அந்த மூன்று கணினிகளும் ஏதோ ஓர் அலுவலகம் கழித்து விட்டவை. இரும்புக்காரனுக்குப் போக இருந்தவற்றை நீதான் மறித்தாய். மூன்றையும் கிளஸ்டராக இணைத்து, ஒரே கணினிபோல வேலை செய்ய வைத்தாய். ஒன்று படுத்தால் அதன் வேலையை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும். வினாத்தாள், நூலகம், சிற்றுண்டிச்சாலை என்று ஒவ்வொரு சேவையும் தனித்தனிக் கன்டெய்னரில், ஆளுக்கோர் அறைபோல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ வெண்கட்டியால் மேசையிலேயே வீட்டு வாசல் படலை ஒன்று கீறினாய்.

"எல்லாரும் இந்த ஒரு படலையாலதான் வருவினம். படலையில நிக்கிற ஆள் விலாசத்தைப் பாத்து, ஆரை எந்த அறைக்கு விடுறதெண்டு முடிவெடுக்கோணும். அந்த ஆளுக்கு நாங்கள் எழுதிக் குடுக்கிற கட்டளைதான் இந்தக் கோப்பு. ஆளின்ர பேர் இங்கிரஸ்."

"வேற வடிவான பேரே கிடைக்கேல்லையோ அவருக்கு?"

"உன்ர பேரை விட நல்லாத்தான் இருக்கு. பேசாமல் எழுது."

விலாசம் எந்த அறைக்கும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். எல்லா இடத்திலும் செய்வதுபோல 404 என்று ஓர் இலக்கத்தைக் காட்டி, 'காணவில்லை' என்று சொல்லி விடலாம் என்றார் சேர். உனக்கு மூக்குச் சிவந்துவிட்டது.

அப்போது ஏன் என்று தெரியவில்லை. தர்மபுரத்தில் உன் வீட்டுக்கு வந்த அன்றுதான் விளங்கியது. ஒழுங்கை இரண்டாகப் பிரிகிற இடத்தில் உங்கள் வீடு. வேறு வீடு தேடுகிற ஆட்கள் எல்லாம் உங்கள் முற்றத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அன்றும் தண்ணீர்ப் பம்பி ஏற்றிக்கொண்டு ஒருவர் லான்ட்மாஸ்டர் உழவு மெசினோடு வந்தார். அவர் வீடு மாறி வந்துவிட்டார் என்பது உன் அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரியும். ஆனாலும், "இருங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க. அப்புறம் வழி சொல்றேன்" என்றார். அந்த மனிசன் இரண்டு கோப்பை குடித்து, கச்சான் கடலையும் கொறித்து, உன் அப்பாவோடு மழையைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டு, "சரி, நான் ஆரின்ர வீட்டைத் தேடி வந்தனான்?" என்று எங்களிடமே கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது.

பிறகு சொன்னாய்: "எங்கட பாட்டன் பூட்டன் மலையில தேயிலைக் கொழுந்து பறிச்ச ஆக்கள். வழி மாறி வந்த ஆளை வெறும் வயித்தோட திருப்பி அனுப்பினா அம்மா என்னைக் கொன்றுபோடுவா."

அப்படித்தான் அந்தப் பக்கம் வந்தது. ஆவி பறக்கிற ஒரு கோப்பை. கீழே, "வழி மாறி வந்திட்டியள் போல. பரவாயில்லை, தேத்தண்ணி குடியுங்கோ. எங்க போகோணும்?" அதற்குக் கீழே ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு. ஆறாம் வகுப்புப் பெடியள் அதைப் பார்ப்பதற்கென்றே பிழையான விலாசம் அடிப்பார்கள். உப அதிபர் ஒரு நாள் தவறி அங்கே வந்து சேர்ந்து, "எல்லாம் சரி, எனக்குச் சீனி போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு, நீ இந்தப் போனில் அமைத்து வைத்திருந்த வழியால் பள்ளிக் கணினிக்குள் போய், கோப்பைத் திறந்தேன். மாதாவே, மாதாவே என்றபடி நான் எழுதிய பகுதியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. திரும்பப் பார்த்தேன். இல்லை. பிறகு மேலே போனேன், நீ எழுதிய இடத்துக்கு. உன்னுடையதைச் சரிபார்ப்பது கோவில் கணக்கைச் சந்தேகப்படுவதுபோல இருந்தது.

வினாத்தாள் வரியில் 'எக்ஸாக்ட்' என்று இருந்தது. அப்படியென்றால், விலாசம் அச்சொட்டாக அதுவாக இருந்தால் மட்டும் உள்ளே விடு. பின்னால் ஒரு சொல் ஒட்டியிருந்தாலும் விடாதே. முதல் பக்கத்துக்கு அது போதும். உள்ளே இருக்கிற தாள்களின் விலாசம் எல்லாம் அதைவிட நீளம். அதனால் அவ்வளவும் தேத்தண்ணிக்குப் போய்விட்டன. முந்தி அங்கே, அந்தச் சொல்லில் தொடங்குகிற எல்லாவற்றையும் விடச் சொல்லி இருந்தது. ஆறாம் வகுப்புப் பெடியள் வினாத்தாள் விலாசத்துக்குப் பின்னால் 'பேய்', 'பிசாசு' என்று அடித்தபோது வெறும் வெள்ளைப் பக்கம் வந்ததே, அவர்களுக்கும் தேத்தண்ணி கொடுக்கத்தான் நீ மாற்றத் தொடங்கியிருக்கிறாய். முதல் பக்கத்துக்கு ஒரு கட்டளை எழுதிவிட்டாய். தாள்களுக்கான கட்டளையை எழுதவில்லை. அதற்குப் பதிலாக, கணினி படிக்காமல் தாண்டிப் போகிற ஒரு குறிப்பு:

"பசிக்குது. மிச்சம் நாளைக்கு."

அடுத்த நாள் உனக்குக் காய்ச்சல்; பிறகு நீ கணினிப் பக்கம் வரவேயில்லை. சேமித்துவிட்டுப் போன கோப்பு, நடைமுறைக்கு வராமல் அப்படியே கிடந்திருக்கிறது. நான் என் பகுதியைச் சேர்த்து முழுக்கோப்பையும் ஏற்றியபோது, உன் அரைவாசி வேலையும் கூடவே ஏறிவிட்டது.

தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். "எருமை! சாப்பாடுதான் முக்கியமெண்டு பாதியில விட்டிட்டுப் போனனீயோ?" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? நீ போன நாளிலிருந்து உன்னை ஒருவரும் திட்டவில்லை. "அந்தப் பிள்ளை எழுதினதில ஒரு பிழை கண்டதில்லை" என்று சேர் காலைக் கூட்டத்தில் சொன்னார். உன் அம்மா அதை வருகிற ஆட்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்துச் சொல்கிறார். பிழையே விடாத அந்தப் பிள்ளையோடு எனக்குப் பழக்கமில்லை. என்ன கதைப்பது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் இருந்தேன்.

மிச்சத்தை நான் எழுதினேன். உயர்தரச் சோதினைத் தாள்களுக்கு ஒரு கட்டளை, சாதாரண தரத்துக்கு ஒன்று. இரண்டு தரம் அழித்து எழுதினேன். ஏற்றிவிட்டு, இணைந்த கணிதத் தாள் ஒன்றைத் தொட்டேன். திறந்தது! வினாத்தாள் பகுதியின் விலாசத்துக்குப் பின்னால் 'பிசாசு' என்று அடித்துப் பார்த்தேன். ஆவி பறக்க உன் கோப்பை வந்தது. வந்து போகிறவர்களைக் காட்டுகிற பதிவிலும் பார்த்தேன். அது நான் இல்லை, வேறு யாரோ ஒரு பௌதிகத் தாளை எடுத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அடுத்த தாளையும். எங்கேயோ ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது.

நாளைக்கு மூன்று மெசினும் பிழைத்துவிடும். எங்கே பிழை என்று சேர் கேட்பார். நான்தான் அரைகுறையாய் விட்டேன் என்று சொல்லப்போகிறேன். ஏச்சு விழும், விழட்டும். பிழையே விடாத பிள்ளையை உன் அம்மாவும் சேரும் வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பிழையை விட்டவளை நான் வைத்துக்கொள்கிறேன். குறிப்பையும் அழிக்கவில்லை. சேர் கோப்பைத் திறந்தால் எனக்குத்தான் பசித்தது என்று நினைக்கட்டும். இனி ஒவ்வொரு முறையும் அந்த வரியைத் தாண்டித்தான் நான்

கதவு தட்டுகிறார்கள். விடுதி மிஸ்ஸின் குரல்