அறுநூறு பேருக்கு வேலை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ இருபது வருஷமாக உழைக்கும் அதே காப்பீட்டு நிறுவனம் எங்கள் ஊரிலும் பெரிய அலுவலகம் திறக்கிறது. அறுநூறு பேருக்கு வேலையாம். பேப்பரில் மேயர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நானும் தேர்வாகிவிட்டேன்! இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாமனார் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்: "இப்பதான் மாப்பிள்ளை, கண்ணுக்கே தெரியிறீங்க."

பிரியமுள்ள தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பி,

சந்தோஷம்தான். ஆனாலும் மனசு உறுத்துகிறது. இங்கே மூன்று வருஷமாகப் புது ஆளே எடுக்கவில்லை. போன வாரம் மேலாளர் என் மேசைக்கே வந்தார். "நீங்க செய்யற வேலையை ஒண்ணு விடாம எழுதிக் குடுங்கம்மா, சும்மா பதிவுக்குத்தான்" என்றார். சும்மா எதையும் கேட்கிற ஆளா அவர்? உனக்கு எந்தப் பிரிவு? மழுப்பாமல் எழுது.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. விபத்து இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கும் பிரிவு. ஆமாம், உன்னுடையதேதான். அவ்வளவு பெரிய நிறுவனத்தில் இரண்டு ஊரிலும் வேலை இருக்காதா? எதற்கெடுத்தாலும் சந்தேகம் உனக்கு! பயிற்சி கொடுக்க உங்கள் அலுவலகத்திலிருந்து யாரோ மூத்தவர் வருகிறாராம். யாரென்று தெரியுமா?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

அந்த மூத்தவர் நான்தான். பயிற்சி முடிந்த மறுநாள் இங்கே எங்கள் பிரிவை மூடுகிறார்கள். நாற்பது பேர் வீட்டுக்குப் போகிறோம்.

அதற்காக உன்மேல் கோபமில்லை. நீ வராவிட்டால் வேறொருவர் வந்திருப்பார். ஆனால் உங்கள் விண்ணப்பங்களை என்னிடம் கொடுத்தார்கள். 'நிறுவனத்தில் உறவினர் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய். தேதி ஜனவரி. பூரித்துப்போய் எனக்கு நீ எழுதியதோ மார்ச்சில். உறவு இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று பயந்திருப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா பேரு ஒண்ணா இருக்கே, சொந்தமா?" என்றார்.

"அந்தப் பேர்ல எத்தனையோ பேர் இருக்காங்க சார்" என்றேன்.

உன் வேலைக்கு ஒன்றும் வராது. நான் விடுதியில் தங்குகிறேன், வீட்டுக்கு வரவில்லை. வகுப்பில் எல்லோரையும் போல என்னை மேடம் என்றே கூப்பிடு. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

முன் வரிசையில் உட்கார். பலகையில் எழுதுவது தூரத்திலிருந்து உனக்குத் தெரியாது.

அக்கா