வெள்ளி பதினொரு மணிக்காரர்

6-2-2004, வெள்ளி. வவுனியா

காலையில் பனி. சைக்கிள் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. எங்கள் வேலைவாய்ப்புப் பதிவு நிலையத்தில் இன்று முதல் கணினிதான் பெரியவர். முன்பு பதிந்தவர்களின் வயது, படிப்பு, வந்த கிழமை, நேரம், பிறகு வேலைக்குப் போனார்களா, எல்லாம் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பழகி, புதிதாக வருபவருக்கு உண்மையில் வேலை தேடும் ஆசை உண்டா என்று சொல்லுமாம். ஆசை உள்ளவருக்கு மட்டும் நேர்முகம். கனடாவிலிருந்து வந்த எங்கள் மேலதிகாரி சேரின் ஏற்பாடு.

காலை பதினொரு மணிக்குப் பதிந்த ரிஸானாவுக்கு ‘ஆசை இல்லை’ என்றது. குடும்பத்தோடு புத்தளத்திலிருந்து திரும்பியவள். கணக்கெழுதும் வேலை கேட்டு எத்தனை தரம் நடந்துவிட்டாள். அவளுக்கா ஆசை இல்லை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

9-2, திங்கள்

வெயில். சேரிடம் கேட்டேன். வெள்ளி பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பதிந்த ஒருவரும் வேலைக்குப் போனதில்லையாம். காரணம் அவருக்கும் தெரியாது. “டேட்டா சொல்லுது பிள்ளை.”

எனக்குத் தெரியும். ராகுகாலம் (இனி ரா.கா.). வேலை வேண்டியவர் அந்த நேரம் படி மிதிப்பாரா? தாய்மார் பிடித்துத் தள்ளும் பெடியள்தான் வருவார்கள். தேநீர்க்கடையில் நின்ற குமரனிடம் கேட்டேன், அவனும் வெள்ளிக்காரன்.

“அம்மா பதியச் சொன்னவா, பதிஞ்சிட்டன். கிடைக்கக் கூடாதெண்டுதான் அந்த நேரம் பாத்து வந்தனான், அக்கா.”

சேரிடம் சொன்னேன். மூடநம்பிக்கை என்று நீண்ட பிரசங்கம். தேநீர் ஆறிப்போனது.

10-2, செவ்வாய்

ரிஸானா வந்தாள். ஏன் அந்த நேரம் பார்த்து வந்தாய் என்று கேட்டேன்.

“அப்பதானே அக்கா உங்கட இடத்தில வரிசை இல்லை.”

பாவம், அவளுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. காலை பத்து மணிக்குத் திரும்பப் பதிந்தேன். கணினி: ‘ஆசை மிக அதிகம்’. நாலு நாளில் ஆசை கூடிவிட்டதென்று சேருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

வாங்க: வெங்காயம், சவர்க்காரம், சைக்கிள் எண்ணெய்.

13-2, வெள்ளி

நேற்றைய நேர்முகத்தில் ரிஸானாவுக்கு வேலை சரி. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவளுடைய வாப்பா இனிப்புக்குத் தொதல் கொண்டுவந்தார், சரியாக ரா.கா.வில். வரிசை இல்லையாம்.

சேர் கொழும்பில் ஏதோ பெரிய வேலைக்கு விண்ணப்பம் எழுதி, உறையை ஒட்டி என்னிடம் தந்தார். தபாற்கந்தோருக்கு எழும்பினேன். மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இரும் பிள்ளை. பன்னிரண்டு அடிக்கட்டும்.”

கணினியைக் கேட்கத் தேவையில்லை. சேருக்கு அந்த வேலை உண்மையாகவே வேண்டும்.