பக்கத்து இருக்கை

கோபித்துக்கொண்டு போய்ப் பாசிர் ரிஸில் இருக்கும் தன் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு,

நாம் இருவரும் போக வேண்டிய துருக்கிக்கு நான் மட்டும் போய்வந்தேன்.

புகைபோக்கி மாதிரி நிற்கும் பாறைகளைப் பார்க்கப் பேருந்தில் ஏறியதும், நம்மூர் உணவங்காடியில் இடம் பிடிப்பதுபோலப் பக்கத்து இருக்கையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்தேன். கைப்பழக்கம். வழியில் ஒரு மண்பாண்டக் கூடத்தில் இறங்கிக் களிமண் பிசைந்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்பினால், சிங்கப்பூரிலிருந்து கூடவே வந்த வழிகாட்டி அந்த டிஷ்யூவை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு நிற்கிறார். இருக்கையில் வேறொரு பெண். சிங்கப்பூர்க்காரருக்கு இதுகூடவா தெரியாது?

“அது என் வீட்டுக்காரர் இடம் லா,” என்றேன்.

“அவர்தான் வரலையே, அக்கா,” என்றார் வழிகாட்டி.

பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. இந்த அவமானம் உங்களால்தான்.

சாப்பாட்டு மேசையில், உங்கள் நாற்காலியிலும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். வந்து நீங்களே எடுங்கள். வேறு யாராவது எடுத்துக் கை துடைத்தால், இன்னொரு முறை நான் சண்டை போட மாட்டேன்.

உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து,
இன்றுவரை உங்கள் மனைவி