முப்பத்தெட்டுக்கு மேல்

மஸ்கட்

மாமாவுக்கு மருமகள் எலிசா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? வேலை செய்யும் வீட்டில் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை, கவலைப்படாதீர்கள்.

நம் ஜெனிபர் கணக்குப் பரீட்சையில் ஒரு கூத்து பண்ணியிருக்கிறாள். ஒருவருடைய வயதைக் கிட்டத்தில் உள்ள பத்துக்கு மாற்றினால் நாற்பது வருகிறது, அவர் வயது எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று கேள்வி. முப்பத்தைந்திலிருந்து நாற்பத்துநான்கு வரை எல்லாமே நாற்பதில்தான் சேருமாம். கூட வேலை செய்யும் சமீனா எனக்கு விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஜெனிபரோ முப்பத்தெட்டோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி, முப்பத்தொன்பது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று போனில் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நாப்பதுன்னதும் அப்பாவ நெனச்சுக்கினேன்மா. அவரு முப்பத்தெட்டுலயே செத்துப்பூட்டாரே, அதுக்கு மேல எப்பிடிமா போவும்?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கொண்டுவருபவர் சமீனாவின் அண்ணன். ஜெனிபர் அப்பாவின் கட்டம்போட்ட லுங்கி ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான்.

அடுத்த மாதம் பெரிய பரீட்சையிலும் இந்தக் கணக்கு வருமாம். நாற்பத்துநான்கு வரை போகலாம் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். இரண்டு முறை போன் போட்டும் என் வாயில் வரவில்லை. பெற்ற மகனைப் பறிகொடுத்த உங்களிடம் கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா. நீங்களே சொல்லிவிடுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்கள்.

எலிசா