இலவசமாகச் செய்த பழுதுபார்ப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

அனுப்புநர்
கா. பஷீர் அஹமது,
(குவைத் வாகனப் பணிமனை ஃபோர்மேன், ஓய்வு)
பள்ளிவாசல் தெரு, மரக்காணம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம்,
விழுப்புரம்.

பொருள்: புதிய ஏழு இருக்கை டீசல் வண்டி – துரு மற்றும் பிரேக் கோளாறு – மூன்று உரிமையாளர்களில் எனக்கு மட்டும் இலவசமாகப் பழுது நீக்கியது – அதை ரத்து செய்து மூவரையும் ஒன்றாக விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் கையெழுத்திட்ட ஜாப் கார்டு, நாள் 13.02.2006.
2. மற்ற இருவருக்கும் நிறுவனம் அனுப்பிய நிராகரிப்புக் கடிதங்கள், நாள் 03.03.2006.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மன்றத்துக்கு வருகிறவர்கள், தங்களுக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை என்றுதான் மனுச் செய்வார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது. அது வேண்டாம் என்பதுதான் என் மனு. புத்தி பிசகியவன் என்று ஓரமாக வைத்துவிடாமல் கடைசிவரை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இருபத்திரண்டு வருடம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு 2004-இல் ஊர் திரும்பினேன். அதற்கு ஒரு வருடம் முன்பே என் மனைவி ஆரிஃபா இறந்துவிட்டார். ஒரே மகள் நஸ்ரியா கணவருடன் ஷார்ஜாவில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஆட்கள் நிறைந்திருந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். ஊரில் என்னைக் குவைத் பாய் என்பார்கள். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் பள்ளிவாசலில் நாலைந்து பேர் இருக்கலாம்.

2. 11.04.2005 அன்று விழுப்புரத்தில் உள்ள விற்பனை நிலையத்தில் இந்த வண்டியை வாங்கினேன். விளம்பரத்தில் எஸ்.யு.வி. என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெரிய வண்டி என்றால் போதும். ஒற்றை ஆளுக்கு ஏழு இருக்கை எதற்கு என்று விற்றவர்கள் கேட்கவில்லை, ஊர் கேட்டது. மகள் குடும்பத்தோடு வந்தால் வேண்டுமே என்றேன். அவள் இன்னும் வரவில்லை. ஓட்டுநர் இருக்கையைத் தவிர மற்ற ஆறு இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையும் இதுவரை பிரிக்கப்படவில்லை. ஆகவே இருக்கைத் துணியைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

3. மற்றவற்றில் புகார் உண்டு. பின்கதவு சரியாக உட்காராது. மழையில் தண்ணீரும் வெயிலில் புழுதியும் உள்ளே வரும். அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். மூன்றே மாதத்தில் அடிப்பாகம் முழுவதும் செம்மண் நிறத்தில் துரு. இதை எழுதிக் கொடுத்தபோது, சுனாமித் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது. சுனாமி வந்தது 2004 டிசம்பரில். என் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே 2005 மார்ச்சில்தான். இதை விளக்கி மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

4. ஜூலை மாதம் அதே நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் காத்திருந்தபோது இரண்டு பேர் அறிமுகமானார்கள். ஒருவர் மரக்காணத்தில் உப்பளம் நடத்தும் திரு. தெய்வசிகாமணி. இன்னொருவர் கீழ்புத்துப்பட்டில் மீன் வியாபாரம் செய்யும் திருமதி சவரியம்மாள். மூவருக்கும் அதே மாடல், அதே வெள்ளை நிறம், அதே பின்கதவு. தெய்வசிகாமணி என் வண்டியைச் சுற்றி வந்து, “உங்களுதும் ஒழுகுதா பாய்? அப்பாடா, நான் மட்டுந்தான் ஏமாந்துட்டேன்னு நெனச்சேன்” என்றார். ஊருக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

5. அதிலிருந்து ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கீழ்புத்துப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வேலம்மாள் நடத்தும் டீக்கடையில் சந்தித்தோம். சவுக்கு மர நிழலில் மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, அந்த வாரம் புதிதாக எது கெட்டது என்று ஆளுக்கொன்று சொல்வோம். சவரியம்மாள் கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி வைக்க அலுமினியத் தகடு அடித்திருந்தார். தெய்வசிகாமணி முன்னால் இரும்புக் கம்பி மாட்டினார்; அதன் கனத்தில் முன்பக்கம் தாழ்ந்ததும் அதையும் நிறுவனத்தின் குறையாகவே எழுதச் சொன்னார். நான் பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பரை வெட்டி மூன்று பின்கதவுகளுக்கும் ஒட்டினேன். ஒழுகல் நின்றது. இந்த மாற்றங்களையெல்லாம் மறைக்காமல் தெரிவிக்கிறேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: இந்த வண்டி நல்ல வண்டியாக இருந்திருந்தால் எனக்குப் பேச ஆள் கிடைத்திருக்காது. குறைகள் தீரக் கூடாது என்றுகூடச் சில ஞாயிறுகளில் நினைத்திருக்கிறேன்.

6. இனி என் தவறு. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களிலிருந்து கழிவு ஆயிலை வடித்து, அங்குள்ள இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் பூசிவைப்பது வழக்கம். உப்புக் காற்றுக்கு அது நல்ல தடுப்பு. மழைக்காலத்துக்கு முன் நம் வண்டிகளுக்கும் அடியில் பூசிவிடலாம் என்று தெய்வசிகாமணி சொன்னார். சவரியம்மாள் என்னைப் பார்த்து, “பாய் சரின்னா சரிதான், அவுருக்குத் தெரியாத வண்டியா” என்றார். ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்பது எனக்குத் தெரியும். பணிமனையில் எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்ப் பழக்கத்தை மறுத்துப் பேசினால் மறுபடியும் வெளிநாட்டுக்காரன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். ரப்பரில் படாமல் பூசுவோம் என்று மட்டும் சொன்னேன்.

7. 02.10.2005, காந்தி ஜெயந்தி, ஞாயிற்றுக்கிழமை. தெய்வசிகாமணியின் உப்பள ஷெட்டில் மூன்று வண்டிகளுக்கும் நானே அடியில் படுத்துப் பூசினேன். கீழிருந்து மேலே பூசும்போது ஆயில் எங்கே வழியும் என்பதைக் கையால் கட்டுப்படுத்த முடியாது. என் தாடி முழுவதும் கறுத்துவிட்டது. நரைத்த தாடிக்கு மை வாங்கும் செலவு மிச்சம் என்று இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மன்றம் குறித்துக்கொள்ளலாம்.

8. 08.02.2006 அன்று காலை, மீன் ஏலத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய சவரியம்மாளின் வண்டி, உப்பளத் திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் வரப்பை உடைத்துக்கொண்டு பாத்தியில் இறங்கியது. அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஓஸ், அதாவது ரப்பர் குழாய், வெடித்திருந்தது. அந்த ஓஸ் தரமற்றதாக இருந்ததா, நான் பூசிய ஆயில் அதைத் தின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் நடக்கக் கூடியதே. கழற்றிய ஓஸை நிறுவனம் எடுத்துச் சென்றது; கேட்டும் திருப்பித் தரவில்லை.

9. பயந்துபோய் 13.02.2006 அன்று என் வண்டியைத் தனியாகச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்து, அடியில் என்ன பூசினீர்கள் என்று கேட்டார். தொழில் தெரிந்தவர் கேட்கிறார் என்று, மூன்று வண்டிக்கும் நான்தான் பூசினேன் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மூன்று வண்டிகளையும் கூப்பிட்டுச் சரிசெய்வார்கள் என்று நம்பினேன். அவர் ஜாப் கார்டில் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி அடித்து நீட்டினார். உதிரிபாகங்களின் பெயரைத் தாண்டி எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் படிக்கத் தெரியாத அரபிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்கினேன், விடுப்பு வாங்கினேன், மனைவி இறந்தபோது பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். எங்கே போட வேண்டும் என்று கேட்பதுதான் என் பழக்கம். அன்றும் அதையே கேட்டேன்.

10. ஐந்து நாளில் என் வண்டிக்குப் பிரேக் ஓஸ், ரப்பர் புஷ், பின்கதவு எல்லாம் புதிதாக மாட்டி, ‘நல்லெண்ண அடிப்படையில்’ இலவசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற இருவரிடமும் இதை நான் சொல்லவில்லை. சவரியம்மாள் கையில் மாவுக்கட்டோடு இருக்கும்போது என் வண்டி புதுசாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். அவர்களுக்கும் அழைப்பு வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

11. அவர்களுக்கு வந்தது நிராகரிப்புக் கடிதம். அயல் பொருள் பூசப்பட்டதை, பூசியவரான பஷீர் அஹமதுவே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று அதில் இருந்தது. தெய்வசிகாமணி அதைத் திண்டிவனத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் படிக்கக் கேட்டுக்கொண்டு, சர்வீஸ் நிலையத்திலும் விசாரித்துவிட்டு, 05.03.2006 ஞாயிறன்று டீக்கடைக்கு வந்தார். உட்காரவில்லை. “உங்க வண்டிக்கு மட்டும் எல்லாம் புதுசா மாட்டிக் குடுத்துட்டாங்களாமே பாய்?” என்றார். ஆமாம் என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சவரியம்மாள் சற்று நேரம் இருந்தார். “கையெழுத்து போட்டது கூடப் பரவாயில்லீங்க. எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?” என்றார்.

12. அதன் பிறகு பத்து ஞாயிறுகள் போய்விட்டன. பத்துக்கும் நான் போனேன். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை இருந்துவிட்டு வருகிறேன். வேலம்மாள் முதல் இரண்டு வாரம், “அவங்க வர்ல?” என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை, ஒரு டீ வைத்துவிட்டுப் போகிறார். வண்டியில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை. ஸ்டியரிங் உதறவில்லை, கதவு ஒழுகவில்லை. சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அதை ஓட்டப் பிடிக்காமல் பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

13. ஆகவே மன்றத்திடம் நான் வேண்டுவது:

(அ) என் வண்டியில் மாட்டிய புதிய பாகங்களை நிறுவனம் கழற்றி எடுத்துக்கொண்டு, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். மற்ற இருவருக்கும் கிடைக்காத எதுவும் எனக்கும் வேண்டாம்.

(ஆ) சவரியம்மாள் வண்டியில் வெடித்த ஓஸையும், தெய்வசிகாமணி வண்டியில் இன்னும் கழற்றாமல் இருக்கும் ஓஸையும் அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும். பொருள் தரமற்றது என்றால் மூன்று வண்டிகளையும் நிறுவனம் சரிசெய்ய வேண்டும். ஆயில்தான் காரணம் என்றால், அந்தக் குற்றம் என் ஒருவனுடையது என்று தீர்ப்பில் எழுதுங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் நான்தான். அவர்கள் இருவரும் என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை.

(இ) 13.02.2006 தேதியிட்ட ஜாப் கார்டைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவர்கள் முன்னிலையில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதில் உள்ளதை நான் அன்றுதான் முதன்முதலாக முழுமையாகக் கேட்பேன் என்பதை அவர்களும் பார்க்க வேண்டும்.

(ஈ) விசாரணைக்கு மூவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு அழைக்க வேண்டும். நான் தனியாகக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். சவரியம்மாளுக்கு எழுதினேன், பெற்றுக்கொண்டதற்கான அட்டை இடது கைக் கையெழுத்தோடு வந்தது, பதில் வரவில்லை. தெய்வசிகாமணிக்கு எழுதிய பதிவுத் தபால், ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணை நாளில் மன்றத்தின் கையால் கொடுத்தால் அவர் மறுக்க மாட்டார். அதில் வழக்கைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ எதுவும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அந்த ஞாயிறு போய்விட்டது. மன்றம் எந்தத் தேதி கொடுத்தாலும் நான் வந்துவிடுகிறேன்.

நாள்: 17.05.2006
இடம்: மரக்காணம்

இதில் உள்ள அனைத்தையும் நானே சொல்லி எழுதவைத்து, தமிழில் படித்துப் பார்த்த பின் கையெழுத்திடுபவன்,

(ஒப்பம்)
கா. பஷீர் அஹமது

இணைப்பு:
1. வண்டி வாங்கிய ரசீது, உத்தரவாதப் புத்தகம் (நகல்).
2. ஜாப் கார்டு (நகல்).
3. இலவசப் பழுதுபார்ப்புச் சீட்டு (அசல், திருப்பி ஒப்படைக்க).
4. திருமதி சவரியம்மாள் கையெழுத்திட்ட தபால் அட்டை.
5. திரு. தெய்வசிகாமணிக்கு எழுதிய கடிதம், ஒன்று. பிரிக்கப்படாதது.